லூர்து கடலில் விழவில்லை

என் செல்ல லூர்துவுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது உன்னை இன்னொரு தடவை சாகடித்திருக்கிறார்கள். இந்தத் தடவை ஒரு நாவலில், கடலில் தள்ளி. இருநூற்றுச் சொச்சம் பக்கம், வழவழ அட்டை, அட்டையில் ஒரு பெண்ணின் முதுகும் ஓர் அலையும். கடைசி அத்தியாயத்தில் நீ பழைய துறைமுகப் பாலத்தின் முனைக்கு நடந்துபோய்க் குதிக்கிறாய்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. கடற்கரைச் சாலையில் நாம் எத்தனை வருஷம் நடந்திருப்போம்? ஒரு நாளாவது நீ அலைப் பக்கம் நடந்திருக்கிறாயா? என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, கட்டடங்களை ஒட்டியே வருவாய். அப்புறம்தான் கோபம் வந்தது. வந்தது இன்னும் இறங்கவில்லை. உனக்கு எழுதுகிற கடிதத்தை ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுதியவர் பேரைச் சொல்லமாட்டேன். நம் வாசகர் வட்டத்துக்கு வருவாரே, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. நீ அவரை ஜோல்னா என்பாய். அவரேதான்.

மற்றவர்களும் படிப்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நாம் பாண்டிச்சேரி உப்பளத்தில் அடுத்தடுத்த தெரு. வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துப் புத்தகமாகத் தைத்து வைத்துக்கொள்கிற ஆட்கள். அப்படித்தான் அந்த ஹாஸ்டல் தொடரையும் சேர்த்தோம். இரண்டு பெண்கள். முப்பது வாரம் ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னிவிடுகிறாள், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்திக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி வாரம் ஒருத்தி தூக்க மாத்திரையை விழுங்கிவிட்டாள், இன்னொருத்தி யாரோ ஒருவனுக்குக் கழுத்தை நீட்டிவிட்டாள். முற்றும்.

நீ அந்த வாரத்துப் பக்கங்களை அடுப்பில் போட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டு பைண்டரிடம் போனாய். அவர் புரட்டிப் பார்த்தார்.

“கடைசி வாரம் காணமேம்மா?”

“அது வேணாம். அந்த எடத்துல பத்து வெள்ளத்தாள் வெச்சுத் தெச்சிடுங்க.”

“கத முடியலையே.”

“நாங்க முடிச்சிக்கறோம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

அப்படி ஏழு புத்தகம் சேர்ந்தது நம்மிடம். யாரைக் கொன்று முடித்தாலும் கடைசிப் பக்கம் அடுப்புக்கு, அந்த இடத்தில் வெள்ளைத்தாள். எழுதலாம் எழுதலாம் என்றே நாள் போய்விட்டது. முதல் புத்தகத்தில் மட்டும் உன் கையெழுத்தில் இரண்டே வரி இருக்கிறது. ‘இருவரும் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தார்கள். குழம்பு நன்றாக இருந்தது.’ அதற்குக் கீழே பெரிதாக ‘முற்றும்’ போட்டு, பத்திரிகைக்காரர்கள் போடுவதுபோல் ஒரு பூவும் வரைந்திருந்தாய். மீன் விற்கிற செல்வி உன் வாழ்க்கைக்குள் வருவதற்கு எவ்வளவோ முன்னால் எழுதியது அது.

அந்தத் தொடரின்மேல் உனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. அடுத்த வாரம் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது நீயே சொன்னாய்.

“எனக்குப் பொண்ணுங்களத்தான் புடிக்குது, கோதை.”

“எனக்கு யாரையுமே புடிக்கலடி.”

“யாரையுமேன்னா?”

“யாரையுமேதான். அந்த மாதிரி ஆசையே வர்ல எனக்கு.”

நீ பொட்டலத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு யோசித்தாய். “அப்போ நமக்குள்ள சண்டையே வராது. ஒரே ஆளுக்கு ரெண்டு பேரும் அடிச்சிக்க மாட்டோம்” என்றாய். அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்கு வயிறு மறுநாளும் வலித்தது.

அதற்குப் பிறகு நாம் புத்தகம் படித்த விதமே மாறிவிட்டது. உன் ஆட்களை நீ தேடினாய், என் ஆட்களை நான் தேடினேன். உன் ஆட்கள் கிடைத்தார்கள், கிடைத்த கையோடு செத்தார்கள். விஷம், ரயில், கிணறு. சாகாதவளுக்குப் பைத்தியம் பிடித்தது. பைத்தியம் பிடிக்காதவளை ஒரு நல்ல கணவன் வந்து திருத்தினான். ஒரு துப்பறியும் நாவலில் கொலைகாரியே அவள்தான். “பரவால்ல, இவளாவது சாவடிக்கிறா” என்றாய் நீ.

என் ஆட்களோ தேடியும் கிடைக்கவில்லை. ஆசை இல்லாத பெண் என்றால் அவள் யாரிடமாவது ஏமாந்திருக்க வேண்டும், இல்லை கோயிலே கதி என்று கிடக்க வேண்டும், கடைசியில் ஒருவன் வந்து தொட்டதும் பூத்துவிட வேண்டும். காப்பி வேண்டாம் என்பதுபோல் சும்மா வேண்டாம் என்ற ஒருத்தியை நான் பார்க்கவே இல்லை. ஏன் வேண்டாம் என்று கேட்காத ஒரு ஆசிரியரையும் பார்க்கவில்லை.

புத்தகத்தில் இல்லாததை நீ வீட்டில் நடத்திக் காட்டினாய். உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. நேஷனாலிட்டிப் பெண்ணைக் கட்டினவன் பாரீசுக்குப் போய்விடலாம் என்பது நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். உன் மூக்கு கொஞ்சம் பெரிசு என்று ஒருத்தன் வாயிலிருந்தாவது வந்ததா? அத்தனை பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு, பாரீசுக்குப் போகிறவர்களுக்கு பிரெஞ்சு டியூஷன் எடுத்துக்கொண்டு, செல்வியோடு அரியாங்குப்பத்தில் குடித்தனம் வைத்தாய். பதினோரு வருஷம்.

சும்மா விட்டுவிட்டார்களா என்ன? உன் அம்மா மூன்று வருஷம் உன்னை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. செல்வியின் அண்ணன் தெருவில் நின்று கத்தினான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார், பிறகு தன் பேரனுக்கு பிரெஞ்சு வேண்டும் என்றதும் அடங்கினார். அழுதாய், சண்டை போட்டாய், மறுநாள் காலையில் பல் தேய்த்துவிட்டு டியூஷன் எடுத்தாய். நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவேன். “மாமியா இல்லாத கொறையத் தீக்கறதுக்குன்னே வந்து வாச்சிருக்குது பாரு எனக்கு ஒரு நாத்தனாரு” என்பாள் செல்வி. கிறிஸ்துமசுக்கு எனக்கு நாத்தனார் புடவை எடுப்பாள். கலர் ஒன்றும் சகிக்காது. இருந்தாலும் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவேன்.

இனி ஜோல்னாவின் நாவலுக்கு வருகிறேன். அதில் உனக்கு வேறு பேர், ஆனால் சொல்தா மகள், உப்பளம், டியூஷன் எல்லாம் அப்படியே. செல்வி பாவம். அவள் பக்கத்துக்குப் பக்கம் நனைகிறாள். அலையில் நனைகிறாள், மழையில் நனைகிறாள், வியர்வையில் நனைகிறாள். மீன் விற்கிறவள் என்றால் ஈர ஜாக்கெட்டோடுதான் திரிய வேண்டுமா? மார்க்கெட்டில் குடை பிடித்து உட்கார்ந்து, வாங்குகிறவர்களைக் கேலி பேசிச் சிரிக்கிற பெண்ணை அவருக்குத் தெரியவே இல்லை. கடைசியில் அவள் கல்யாணம் செய்துகொண்டு போக, நீ பாலத்துக்குப் போகிறாய்.

அதோடு விட்டாரா? அந்த நாவலின் நாயகியும் தொடர்கதைகளைத் தைத்து வைக்கிறாள். கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வெள்ளைத்தாள் வைக்கிறாள். அந்த வெள்ளைத்தாளில்தான் தன் தற்கொலைக் கடிதத்தை எழுதுகிறாள். லூர்து, மீன் குழம்பு எழுதிய இடத்தில்!

நானும் இருக்கிறேன் அதில். கல்யாணமாகாத தோழி, ‘பட்டுப்போன மரம்’. உன்மேல் எனக்கு உள்ளுக்குள் ஆசையாம், செல்வியைக் கண்டு வேகிறேனாம். என் மரம் ஏன் பட்டுப்போனது என்பதற்கும் காரணம் வைத்திருக்கிறார். சின்ன வயதில் தாய்மாமன் கெடுத்துவிட்டானாம். அப்படி நடந்த பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் கதையை எழுதட்டும், கையெடுத்துக் கும்பிடுகிறேன். எனக்கு அது நடக்கவில்லை. எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்த என் ஒரே மாமா போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். நாவலைப் படித்திருந்த என் அண்ணி, தன் பெண்ணைச் சட்டென்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். அந்த மனுஷன் காரணம் தெரியாமல் விழித்தார். அவருக்கு நான் என்ன சொல்வேன்?

இப்போது நீ கேட்பாய் என்று தெரியும். வெள்ளைத்தாள் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது?

நான்தான் சொன்னேன்.

நீ போன புதிதில் எனக்கு உன்னைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. செல்வியிடம் பேசினால் அவள் அழுவாள். ஆபீசில் ‘யாரோ சிநேகிதியாம்’ என்றார்கள், சிநேகிதிக்கு எத்தனை நாள் அழலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. வாசகர் வட்டம் முடிந்து ஜோல்னா காப்பி குடிக்கக் கூப்பிட்டார். கேட்டார். தலையை ஆட்டி ஆட்டி, கண்கலங்கிக் கேட்டார். எழுதுகிறவர், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். இத்தனை புத்தகத்தில் இத்தனை பேரைக் கொன்றதைப் படித்தவள் நான், ஒரு எழுத்தாளரை நம்பினேன் பார். அடுத்த வாரம் அந்த முதல் புத்தகத்தையும் கொண்டுபோய்க் காட்டினேன். உன் இரண்டு வரியை அவர் கண்ணால் பார்த்தார், லூர்து. பார்த்துவிட்டுத்தான் உன்னைக் கடலில் தள்ளினார்.

நாவலுக்கு ஒரு விமர்சனக் கூட்டம் நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, மிக்சரும் டீயும். துணிச்சலான படைப்பு என்றார் ஒரு பேராசிரியர். தமிழுக்குப் புதிய வாசல் என்றார் இன்னொருவர். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

“அந்தப் பொண்ணு எதுக்கு சார் கடல்ல விழறா?”

“கதைக்குன்னு ஒரு நியாயம் இருக்கும்மா. இந்த சமூகம் அவங்கள வாழ விடாது. அதைப் படிக்கறவங்க மனசுல தைக்கிற மாதிரி சொல்லணும்ல?”

“சமூகம் விடலதான் சார். ஆனாலும் அவ வாழ்ந்தா. பதினோரு வருஷம் வாழ்ந்தா. உங்க கையில வந்தப்புறம்தான் முடியாம போச்சு.”

“இது கற்பனைப் பாத்திரம்மா. நீங்க உணர்ச்சிவசப்படறீங்க.”

“மீன் கொழம்பக் காட்டுனேனே சார் உங்களுக்கு!”

கூட்டம் சிரித்தது. அவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு பைத்தியக்காரி மீன் குழம்பு என்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். பேராசிரியர் என் தோளைத் தட்டி உட்கார வைத்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

லூர்து புற்றுநோயில் செத்தாள். கடைசி ஒரு வருஷம் அவள் உயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மருந்து கொடுத்த வாந்தியோடு டியூஷன் எடுத்தாள். முடி கொட்டியதும் செல்வியின் மீன் கூடைச் சும்மாட்டைத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தாள். அடுத்த தையில் பாண்டிச்சேரியை விட்டு எங்கேயாவது மலைப் பக்கம் போகலாம், கடலே தெரியக் கூடாது என்று திட்டம் போட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் செல்வி கஞ்சி ஊட்டினாள். “இன்னாடி இது, உப்பே இல்ல” என்றாள் லூர்து. டாக்டர் போடக் கூடாதுன்னாரு என்று செல்வி திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே லூர்து போய்விட்டாள். சாகப் பிடிக்காமல் செத்தவளை, சாகத் துடித்தவளாக எழுதியிருக்கிறார்கள். உயிரை விட்டெறிந்தாள் என்று. எவ்வளவு பெரிய பொய்!

இதைச் செல்வியிடம் எப்படிச் சொல்வதென்று பத்து நாள் தவித்தேன். அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம் வரை போய்விட்டு இரண்டு தடவை வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன். மூன்றாம் தடவை போனபோது அவள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். எட்டாவதோடு நின்றவள், நாவலா படிக்கப்போகிறாள் என்று நினைத்திருந்தேன். புத்தகம் அவள் வீட்டு டிவி மேல் இருந்தது. உன் பழைய டியூஷன் மாணவி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாளாம்.

“கடல்ல வுழுந்தாளாம். முட்டி நனையறதுக்குள்ள ஊரக் கூட்டுவா அவ. எங்கூட ஒரு நாளு படகுல ஏறியிருப்பாளா?” என்றாள் செல்வி. பிறகு தலையைத் தூக்காமலே, “நீதான சொன்ன அவங்கிட்ட?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

அவள் அடுத்த மீனை எடுத்தாள். செதில் தெறித்துக்கொண்டே இருந்தது. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“எனக்கு அவ இருந்தத சொல்லிக்கறதுக்கு நீ ஒருத்திதான் இருக்கற. நீயும் போயி வெளிய கொட்டிட்டு வந்துட்ட.”

“தப்புதான் செல்வி.”

“தப்புதான். அழுவாத. அழுதினா எனக்கு இன்னும் கோவம் வரும்.” கையைக் கழுவிக்கொண்டு வந்து அந்த நாவலை எடுத்து என் மடியில் போட்டாள். “அவளா இருந்தா இத இன்னா பண்ணுவா?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியிருந்தது.

“அந்த பைண்டரு இருக்காரா, கடைய மூடிட்டாரா?”

இருக்கிறார். கண்ணாடி மட்டும் தடித்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் நாவலை வாங்கி, கடைசி அத்தியாயத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, செல்வியைப் பார்த்தார். “அந்த மூக்குக்காரம்மா வர்லியா?” என்றார். இல்லை என்றேன். அவர் கத்தியை எடுத்துத் தையலோடு அந்த அத்தியாயத்தை அறுத்தார். “எத்தன வெள்ளத்தாளு வெக்கணும்?” என்றார்.

உன்னிடம் சொல்ல வேண்டிய சேதிகள் இன்னும் இருக்கின்றன. டெல்லிக் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்திருக்கிறது, உங்கள் மாதிரி ஆட்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லையாம். டிவியில் கேட்டுவிட்டு, “இத்தினி நாளு குத்தமாவா இருந்துச்சு? நமக்கு யாரும் சொல்லவே இல்லியே” என்றாள் செல்வி. அப்புறம், என்னைப் போல் ஆசையே வராதவர்களுக்கும் ஒரு பேர் இருக்கிறதாம். லாஸ்பேட்டையில் என் ஆபீசுக்குப் பக்கத்து நெட் சென்டரில் தேடிக் கண்டுபிடித்தேன். ஏசெக்ஷுவல். பள்ளிக்கூடத்தில் அமீபாவுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தைதான், சிரிக்காதே. உலகமெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள், பட்டுப்போகாமல், நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு சிறுபத்திரிகையில் ஒரு கதையும் படித்தேன். இரண்டு பெண்கள், ஒரே வீடு. காலையிலிருந்து கேஸ் சிலிண்டருக்காகக் காத்திருக்கிறார்கள், யார் முன்னமே பதிவு பண்ணவில்லை என்று சண்டை. கடைசியில் சிலிண்டர் வருகிறது. டீ போடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. நான்கு தடவை படித்தேன். அதில் கிழிக்க ஒரு பக்கமும் இல்லை.

லூர்து, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கடிதத்தைத்தான் அந்த வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். செல்வியின் பிரதி முடிந்தது என்றால் அடுத்தது என்னுடையது. அதற்கப்புறம் நூலகத்துப் பிரதி, என் கார்டில்தான் எடுப்பேன், பிடித்தால் பிடிக்கட்டும். அவர் அச்சடித்ததைக் கிழிக்க அதில் எனக்கு உரிமையில்லை. அதனால் அவருடைய ‘முற்றும்’ என்பதற்குப் பின்னால் இதைத் தைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். உன்னைக் கடலில் விட்டுவிட்டு யாரும் அந்தப் புத்தகத்தை மூடக் கூடாது. என் கண்ணில் படுகிற ஒவ்வொரு பிரதியிலும் நீ கரையேறி நடந்து வீட்டுக்கு வருவாய்.

பைண்டர் கடையிலிருந்து திரும்புகிற வழியில் நாங்கள் இரண்டு பேரும் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தோம். செல்வி என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை, ஆனால் தட்டைப் போட்டு உட்கார் என்றாள். குழம்பு நன்றாக இருந்தது. உப்புதான் கொஞ்சம் தூக்கல். நீ போனதிலிருந்து அவள் எதிலும் உப்பை அள்ளித்தான் போடுகிறாள்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறக்காத பிறப்பு,
செல்வியின் நாத்தனார்,
கோதை